எங்கள் ஏரிக்கு விடியல் கொண்டுவந்த மெரெடித்

அன்பு மருமகள் பிரிட்டாவுக்கு, உன் தாய்மாமன் மைரன் டோலெஃப்சன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தை ஆர்டிஸும் மாடுகளும் சுகம். மார்ச் மாதச் சேறு மட்டும் சுகமில்லை; டிராக்டரை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. உன் அம்மா வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், அவள் நெஞ்சு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர். மினியாப்பொலிஸில் நீயும் உன் வீட்டுக்காரரும் கர்த்தர் புண்ணியத்தில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் இதுதான்: பிரச்சாரம் செய்யச் சொல்லிக்கொடுக்கிற உன் ஆபீசிலிருந்து எங்களுக்கு உதவி என்று அனுப்பிவைத்தாயே மெரெடித் என்ற பெண்மணி, அவளை இனி எந்த ஊருக்கும் அனுப்பாதே. எதிரி ஊருக்கு வேண்டுமானால் அனுப்பு.

எங்கள் ஆம்புலன்ஸ் கதை உனக்குத் தெரியும். இந்த வருடாந்தரக் கூட்டத்தில் ஊரார் கைதூக்கி வரியைக் கூட்டாவிட்டால் கோடையோடு வண்டியை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் யாருக்காவது நெஞ்சு வலித்தால் மாவட்டத் தலைநகரிலிருக்கிற கவுண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பி வரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் பாதிரியார் வந்து, ஜெபம் சொல்லி, காப்பி குடித்து, வீடு திரும்பி, தூங்கியும் எழுந்துவிடுவார். உன் அம்மாவின் நெஞ்சு அவ்வளவு நேரம் காத்திருக்கிற நெஞ்சல்ல. அதனால்தான் பிரச்சாரத் தலைமையை நான் ஏற்றேன். வேறு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தார்கள் என்று ஆர்டிஸ் சொல்வாள், காதில் வாங்காதே. எடுத்த எடுப்பிலேயே பெரிய பலகை ஒன்றில் சவப்பெட்டி வரைந்து, "வரி கொடு, இல்லாவிட்டால் இதில் படு" என்று சிவப்பு மையில் எழுதி நெடுஞ்சாலை ஓரம் நட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் அந்த வாசகத்தைப் படித்து ஒரு லாரிக்காரன் அழுதுகொண்டே போனதை என் கண்ணால் பார்த்தேன். வண்டி வேகமாகத்தான் போனது, கண்ணீர் தெரிந்தது.

மெரெடித் வந்து இறங்கியதும் செய்த முதல் காரியம் அந்தப் பலகையைப் பிடுங்கியது. "பயம் மனுஷங்கள உறைய வெச்சிடும் மைரன். நம்பிக்கைதான் நடக்க வைக்கும்," என்றாள். அம்மா தாயே, ஜனவரியில் வந்து பார், நாங்கள் உறைந்தபடியே நடக்கிறவர்கள், நடந்துபோய்ப் பால் கறக்கிறவர்கள் என்று சொன்னேன். அதையும் சிரித்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொண்டாள். அவள் சாஸ்திரப்படி வரி, ஆம்புலன்ஸ், சாவு இந்த மூன்றையும் முதலில் வாயில் எடுக்கக் கூடாதாம். முதலில் நாம் எல்லாரும் மதிக்கிற நல்ல குணத்தைச் சொல்லவேண்டும், பிறகு அழகான நாளையைக் காட்டவேண்டும், ஜனங்கள் தாமாகவே வரியை நோக்கி ஓடிவருவார்களாம். வரியை நோக்கி ஓடிவந்த மனிதனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வரியைக் கண்டு பயந்து ஓடினவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் முதல் ஆள் நம் செல்மர் ஹாகன்.

அந்த செல்மரையும் சேர்த்துத்தான் சர்ச் நிலவறையில் வகுப்பெடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவரவர் கனவை வாய்விட்டுச் சொல்லவேண்டுமாம். நம் ஜனங்களிடம், பிரிட்டா. அறுவடை அமோகமாக வந்தால்கூட "மோசமில்ல" என்பதற்கு மேல் வாய் திறக்காத ஜனங்களிடம். அப்படி ஒரு நிசப்தம், மாடியில் பியானோ துருப்பிடிப்பது கேட்டது. கடைசியில் செல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழ் வயலுக்கு வடிகால் குழாய் போடணும் என்றான். அவள் புல்லரித்துப்போய், "அதுக்கு அடியில என்ன இருக்கு செல்மர்? நல்லா ஆழமா யோசிங்க," என்றாள். செல்மர் ஆழமாக யோசித்தான். "களிமண்ணு," என்றான். அவள் அதைப் பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டாள். இதைக்கூட மன்னித்திருப்பார்கள். ஆனால் காப்பிக்கு வைத்த எலுமிச்சை இனிப்புத் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியைப் பாதியாக வெட்டுவோம், கடைசியில் அணுவிஞ்ஞானி வந்துதான் வெட்டவேண்டியிருக்கும். இவள் வகுப்பு நடத்திக்கொண்டே அதை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நாற்பது ஓட்டு அந்த ஒரு வாயில் போயிற்று.

அடுத்தது சுவரொட்டி. தகதகவென்று ஏரி, அதன்மேல் சூரியன், கீழே கோத்த கைகள், "ஒருவருக்கொருவர் நாமே விடியல்." ஆம்புலன்ஸ் என்ற பேச்சே இல்லை. ஈமச்சடங்குக்காரர் புதிதாகக் கடை திறந்துவிட்டார் என்று நினைத்துப் பெட்டி என்ன விலை என்று மூன்று பேர் எனக்கே போன் செய்தார்கள், நானும் விசாரித்துச் சொன்னேன். செல்மர் அந்தப் படத்தைத் தீவனக் கடைச் சுவர் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஏரிதான் மைரன். ஆனா இது மேற்குக் கரை. சூரியன் வரல, போய்க்கிட்டிருக்கான்," என்றான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இந்தப் பேச்சு. விடியலுக்கும் அஸ்தமனத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா நமக்கு நாளையைக் காட்டப்போகிறாள்?

வீடு வீடாகப் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பட்டணத்தில் இருந்தாலும் நீ மறந்திருக்கமாட்டாய். இங்கே காப்பி கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்லவேண்டும், அடுத்தும் வேண்டாம், மூன்றாம் முறை கேட்டால்தான் "சரி, அரைக் கப்." ஆர்டிஸே என்னை இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள். ஐந்து தடவை என்கிறாள் அவள். இந்த மெரெடித் கேட்ட மாத்திரத்தில் காப்பியை வாங்கிக் குடித்தாள், அது போகட்டும். வரிக்கு ஆதரவு தருவீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர்கள் மரியாதையாக, பரவாயில்லம்மா, வேண்டாம் என்றார்கள். உடனே இவள் நெஞ்சில் கைவைத்து, உங்கள் முடிவை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள். வாசலில் நின்றவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பந்தியில் இலைபோட்டுச் சோறு போடாமல் எழுப்பிவிட்ட மாதிரி. இன்னும் இரண்டு தடவை கேளு என்று அவளிடம் மன்றாடினேன். வற்புறுத்துவது அவள் கொள்கைக்கு விரோதமாம். கூட்டத்துக்கு முதல் நாள் கணக்குப் பார்த்தால் ஊரே எங்களுக்கு எதிரி. உன் அம்மா மாத்திரை டப்பாவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று ஹாலில் ஈ நுழைய இடமில்லை, ஆயிரம் பேர் இருக்கும். இந்த வருஷம் தலைமை தாங்க யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? செல்மரை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரிக்கு ஆதரவானவர்கள் கைதூக்கலாம் என்றான். ஒரு கைகூட எழவில்லை. என் கையும் எழவில்லை. முதல் தடவையில் தூக்க நான் என்ன காட்டானா? மெரெடித் முகம் வெளுத்துச் சுவரொட்டிகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். செல்மர் மறுபடியும் கேட்டான். ஒரே ஒரு கை எழுந்தது, அது அவளுடையது, அவளுக்கு இங்கே ஓட்டே கிடையாது. சட்டப்படி பார்த்தால் செல்மர் அப்போதே சுத்தியலைத் தட்டி முடித்திருக்கலாம், தட்டக் கையையும் தூக்கிவிட்டான். அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள்.

"போன பனிக்காலத்துல படியில வழுக்கி விழுந்து கெடந்தேன். உம் மகன் ரோல்ஃப்தான் வண்டிய ஓட்டிட்டு வந்தான், செல்மர். மாட்டுக் கொட்டாய்லேர்ந்து அப்படியே பூட்ஸோட வந்துட்டான். என் கம்பளம் பூரா சாணி."

ரோல்ஃப் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கறைய நான் இன்னும் கழுவல. இங்க விழுந்தா, நம்மாளு ஒருத்தன் கைவேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வருவான். அதப் பாத்துட்டுத்தான் ராத்திரி படுக்கறேன். அது போயிடக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். செல்மர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூக்கிய சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தான். "இன்னொரு தடவ கேக்கறேன்," என்றான்.

பிரிட்டா, எழுந்த கைகளை எண்ண முடியவில்லை. செல்மரின் கையும் அதில் ஒன்று, தலைவர் தூக்கக் கூடாது என்று யாரோ சொல்லியும் இறக்கவில்லை. ஆம்புலன்ஸ் நம் ஊரிலேயே இருக்கும். மெரெடித் என்னைக் கட்டிக்கொண்டு அழுது, பயம் காட்டாமல், நாம் மதிக்கிறதைச் சொல்லி ஜெயித்துவிட்டோம் என்றாள். நல்ல கதையாக இருக்கிறதே. என் அக்கா பேசினது சாணியைப் பற்றி. சாணி எப்போதிலிருந்து நற்குணமாயிற்று? அக்காவும் அவளும் ஒரு வாரமாகச் சமையலறையில் உட்கார்ந்து அதே கம்பளத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஆர்டிஸ் சொல்கிறாள். இருக்கட்டுமே, அதனால் என்ன? ஜெயித்தது மூன்றாம் தடவைக் கேள்வி. நம்பிக்கையாவது, நாளையாவது. இதெல்லாம் பட்டணத்தில் வேலையில்லாதவர்கள் வேலையுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வித்தை. நீயும் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு நல்ல உத்தியோகம் பார்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. உன் சமையலறை நிறைந்திருக்கட்டும், உன் கூரையில் பனி பாரம் ஏறாதிருக்கட்டும், கர்த்தர் உன் காருக்கு முன்னால் மான் வராமல் காப்பாராக.

இப்படிக்கு, உன் நலம் நாடும் மாமன்,
மைரன் டோலெஃப்சன்

பின்குறிப்பு: நவம்பரில் கவுண்டி போர்டு தேர்தலுக்கு நான் நிற்கிறேன். மெரெடித் அப்போது வரமுடியுமா என்று கேட்டு உடனே எழுது, எங்கள் மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். எனக்கும் கனவு என்று ஒன்று இருக்கிறது என்று அவளிடம் சொல். ஆர்டிஸுக்குக்கூடத் தெரியாது. நேரில் வந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் சொல்லிவிடுவேன்.