எந்த நைஜீரியா?

எனக்குக் கோபம் வந்தால்தான் இங்கிலீஷ் தடையில்லாமல் வரும். (மற்ற நாட்களில் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடிப்பேன்.) இந்தத் திறமையால் ஒரு பெரிய மனிதரின் குடும்பத்தில் குண்டு வைத்தவள் நான்.

எழுபதுகளின் கடைசி. உசிலம்பட்டியிலிருந்து வந்து மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறுவதையொட்டி ஒரு கருத்தரங்கு. அவருக்குப் பிடித்த விக்டோரியா காலத்துக் கவிதையை ஆராய்ந்து நான் கட்டுரை வாசிக்க வேண்டும். அதற்கு இன்டர்னல் மார்க்கும் உண்டு.

கவிதையில் பேசுவது ஒரு வயதான ராஜா. போரும் கடலுமாக அலைந்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மனைவிக்கு வயதாகிவிட்டது, நாட்டை மகன் பார்த்துக்கொள்வான், நான் மறுபடி கப்பலேறுகிறேன் என்கிறார். நானும் நோட்ஸைப் பார்த்து, 'முதுமையை வென்ற வீரம்' என்று பத்துப் பக்கம் புகழ்ந்து வைத்திருந்தேன்.

அன்று காலை ஹாஸ்டலுக்குத் தம்பியின் கடிதம் வந்தது. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்து திரும்பிய அப்பா, மூன்றே மாதத்தில் அஸ்ஸாமுக்கு எஸ்டேட் காவல் வேலைக்குப் போய்விட்டாராம். "வீட்டுல இருந்தா மூச்சு முட்டுதுங்கிறாரு. அம்மாகிட்ட பஸ் ஏறும்போதுதான் சொன்னாருக்கா" என்று எழுதியிருந்தான்.

மேடையேறினேன். மனைவிக்கு வயதாகிவிட்டது என்ற வரி வந்ததும் பத்துப் பக்கத்தையும் மடித்து வைத்தேன்.

"இவன் வீரன் இல்லை, ஓடுகாலி!" என்று இங்கிலீஷில் கத்தினேன். "இத்தனை வருஷம் காத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? பெட்டியைத் தூக்குவதற்குப் பெயர் வீரமா?" மேஜையை ஓங்கிக் குத்தினேன். டம்ளர் சாய்ந்து, தண்ணீர் தலைவரின் வேட்டியில் கொட்டியது.

விரிவுரையாளர் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"இந்தப் பிள்ளைக்குக் கவிதையே புரியலை! அந்த ராஜா மாதிரி ஆளுகளாலதான் உலகம் நடக்குது. நம்ம சாரையே பாருங்க, ரிட்டயரான கையோட அடுத்த மாசம் நைஜீரியாவுக்கு வேலைக்குக் கெளம்புறாரு!"

பலத்த கைதட்டல். முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த சாரின் மனைவி எழுந்தார்.

"எந்த நைஜீரியா?"

கைதட்டல் அடங்கியது.

"ஏங்க, உங்களைத்தான். எந்த நைஜீரியா?"

"வீட்டுல போயி பேசிக்கலாம்மா..." என்றார் சார், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

"இம்புட்டு நாளா வீட்டுலதான இருந்தீக? ஏன் பேசலை?" அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் தாயி நிறுத்திட்ட? மிச்சத்தையும் சொல்லு!"

வீராங்கனையான நான் என்ன செய்தேன்? "அவ்வளவுதான் மேடம்" என்று முனகிவிட்டு, மேடையின் பின்படி வழியாக ஓடி, ஹாஸ்டலில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சார் நைஜீரியா போகவில்லை. திருநகரில் டியூஷன் எடுத்தார். எனக்கு இன்டர்னலில் தேறுவதற்கு மட்டும் மார்க் போட்டார். டவுன் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும், "எந்த நைஜீரியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்த அப்பாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. சாப்பிட உட்கார்ந்தால், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார்.

"பொண்டாட்டிகிட்டச் சொல்லாமயா கெளம்புறது? அந்த ஆளுக்கு நல்லா வேணும்" என்று புரையேறச் சிரிப்பார்.

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்ததே இல்லை.