ஸ்பிரிங் பாயின் பரிமாறும் கை

அறுபதுகளில் பம்பாயில் உடம்பு வலியோடு வாழ்ந்த தமிழர்களை இரண்டே பிரிவில் அடக்கிவிடலாம். ஸ்பிரிங் பாயிடம் போகாதவர்கள் ஒரு பிரிவு. போய்விட்டு வந்து, பழைய வலியே தேவலை என்று சொன்னவர்கள் இன்னொரு பிரிவு. நான் இரண்டாவது. என் இடது முழங்கால் இன்றைக்கும் மழை வருவதற்கு முன்னால் அவரை நினைத்துக்கொள்கிறது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தாராவியில் விசாரித்தால் அங்கேயும் யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்திருந்தார். வாசலில் தொங்கிய பலகையில், 'குடை, பூட்டு, ஸ்டவ், மனித உடம்பு ரிப்பேர் செய்யப்படும்' என்று எழுதியிருக்கும். முதல் மூன்றில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அவர் மனசெல்லாம் நாலாவதில்தான். எந்த வியாதியானாலும் அது உடம்புக்குள் ஏதோ ஒரு ஸ்பிரிங் தளர்ந்ததால் வருவது. வெளியிலிருந்து இன்னொரு ஸ்பிரிங் போட்டுவிட்டால் தீர்ந்தது. அவருடைய வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான்.

நான் அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் வாசம். அறைக்கு நான்கு பேர், ஐந்து டிரங்குப் பெட்டி, ஒரு ஜன்னல். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாய் கண்டுபிடித்தவை என் கணக்கில் மொத்தம் பத்தொன்பது. அவற்றில் வேலை செய்தவை பதினாறு. வேலை செய்ததுதான் பிரச்சினையே.

முதலில் என் குடையைச் சொல்லவேண்டும். கம்பி ஒடிந்த குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பியை மாற்றியதோடு நில்லாமல், பிடியில் ஒரு பித்தானும் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் வைத்துத் தந்தார். இதெல்லாம் நான் கேட்கவில்லையே என்றேன்.

"ஒரு கையில டப்பா, ஒரு கையில பை. குடையை விரிக்க மூணாவது கைக்கு எங்க போவீரு? நனைஞ்சா சளி, சளி புடிச்சா காய்ச்சல். இது குடை இல்ல வே, மருந்து" என்றார்.

அந்த மருந்து மறுநாள் காலை லோக்கல் ரயிலில், தாதரில் கூட்டம் ஏறிய பிறகு, யாருடைய முழங்கையோ பட்டு விரிந்தது. அந்தக் கூட்டத்தில் முழுக்க விரிந்துவிட்ட ஒரு குடைக்கு என்ன இடம் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று என்னைச் சுற்றி ஐந்து பேருக்கு வசதியாக நிற்க இடம் கிடைத்தது. என்னை மட்டும் பரேலில் இறக்கிவிட்டார்கள்.

இதற்குப் பிறகும் நான் ஏன் அவரிடம் போனேன் என்று கேட்பீர்கள். மனிதர் அவ்வளவு பிரியமாகப் பேசுவார். என் முழங்கால் வலியைக் கேட்டு அவர் முகம் வாடியதைப் போல என் சொந்த அண்ணன் முகம்கூட வாடியதில்லை. ஒரே வாரத்தில் முழங்காலுக்கு ஒரு தோல் பட்டையும் அதில் இரண்டு ஸ்பிரிங்கும் தயார். மாடி ஏறும்போது அபாரமாகத் தூக்கிவிட்டது. இறங்கும்போதும் தூக்கிவிட்டது.

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு முதுகு வலி. பாய் செய்து கொடுத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டதும் முதுகு கம்பம் போல் நிமிர்ந்துவிட்டது. ஆனால் அதிகாரி உள்ளே வரும்போது குனிய முடியவில்லை. ஆளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அவரை இன்னொரு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பாயின் மாமனாருக்குக் குறட்டை. வாய் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி தாடைக்கு ஒரு கருவி. தெரு முழுக்க விழித்துக்கொண்டது. மாமனார் மட்டும் விழிக்கவில்லை. மாத்திரை சாப்பிட மறக்கிறவர்களுக்கு ஒரு கடிகாரம் செய்தார். நேரம் வந்ததும் அது மாத்திரையை முகத்துக்கு நேரே எறியும். ஆண்டாப் ஹில்லில் அதை வாங்கிப்போன ஒரு டீச்சரம்மா நான்கே நாளில் குணமாகிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாய் அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாமல் ஒன்று நடந்தது. அது கிட்டுவின் கை.

மாட்டுங்காவில் நான் சாப்பிட்ட மெஸ்ஸில் கிட்டு பரிமாறுகிறவர். ஐம்பது வயது. ஒல்லியான உடம்பு. இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. பதினெட்டு இலை கொண்ட பந்தியை அவர் ஓட்டுகிற வேகத்துக்கு லோக்கல் ரயிலே பின்னால்தான் வரவேண்டும். வேகம்கூடப் பெரிதில்லை. யாருக்கு என்ன, எவ்வளவு என்று அவர் கேட்கவே மாட்டார். எனக்குக் குழம்பில் காய்த் துண்டு வேண்டாம், ரசம் தெளிவாக வேண்டும். சொல்லாமலே அப்படி விழும். ஊரை விட்டு வந்த இளைஞனுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த வலது கை ஒரு மழைக்காலத்தில் நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. கரண்டியை இலைக்கு மேலே கொண்டுவந்தால் மட்டும் ஆடும். ஆபீஸ் போகிறவர்களின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் தெறித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு, இது ஆளைக் கொல்லாது, போகவும் போகாது என்று சொல்லிவிட்டார்.

மெஸ் முதலாளியை நாங்கள் மானேஜர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கெட்டவரில்லை. தினம் யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போனால் அவரும் என்ன செய்வார்? ஒரு நாள் எங்கள் காதுபடவே சொன்னார்.

"ஓய் கிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு ஒரு சட்டை நனைஞ்சாலும் நீர் ஊருக்கு வண்டி ஏறிடும். எனக்கு வேற வழி இல்லை."

ஞாயிற்றுக்கிழமை என்றால் வடை, பாயசத்தோடு விசேஷச் சாப்பாடு. செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கிட்டுவுக்கு மெஸ்தான் வேலை, மெஸ்தான் வீடு. கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றவர் மெதுவாகச் சொன்னார்.

"ஊர்ல போய் என்ன சார் பண்ணுவேன்? அங்க யார் எவ்வளவு சாப்பிடுவான்னே எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலமே அவரைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னுடைய முழங்காலையும் டைப்பிஸ்டின் முதுகையும் நினைக்காமல் இல்லை. ஆனால் வேறு யாரிடம் போவது?

பாய் அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கரண்டியைக் கொடுத்து நீட்டச் சொன்னார். அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கவலைப்படாதீங்க சாமி, இந்த நடுக்கத்தை நீங்க ஏன் சுமக்கணும், அதை ஸ்பிரிங்கு சுமக்கட்டும் என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "அந்த ஐயரையாவது முழுசா அனுப்பி வையுங்க."

சனிக்கிழமைக்குள் கருவி தயார். முன்கையின் நீளத்துக்கு எட்டுக் குடைக் கம்பி. முழங்கைப் பக்கம் ஸ்டவ் பம்பு. இடையில் ஆறு ஸ்பிரிங். இவ்வளவும் சேர்ந்து கையை மேலே இழுத்துவிடாமல் இருக்க, மணிக்கட்டில் ஒரு தோல் பட்டையில் தைத்த ஈயக் கட்டி. அதன் சாமர்த்தியம் என்னவென்றால், கரண்டியில் உள்ளது இலையில் விழுந்து கனம் குறைந்ததும், கை தானாக மேலே எழும்பி அடுத்த இலைக்குத் தயாராகிவிடும். கிட்டுவுக்கு அலுப்பே தெரியாதாம்.

பட்டறை ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, பாயின் மனைவி வைத்த பருப்பாணத்தை ஊற்றிப் பார்த்தோம். கெட்டியான பருப்புக் குழம்பு அது. ஏழு தட்டு. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஒவ்வொரு தட்டிலும் கரண்டி முழுக்கக் கவிழ்ந்து, கை கம்பீரமாக மேலே எழுந்தது. கிட்டு சிரித்து அன்றுதான் பார்த்தேன். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. நானும் என் முழங்காலை மன்னித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் நிரம்பியிருந்தது. கிட்டு முழுக்கைச் சட்டை போட்டுக் கருவியை மறைத்திருந்தார். பாய் உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசற்படியிலேயே நின்றார். மானேஜர் ஒரு சொட்டையும் தவறவிடக்கூடாது என்று கிட்டுவுக்கு நேர் பின்னால், புது வெள்ளை ஜிப்பாவில், அடிமேல் அடி வைத்து வந்தார்.

சாம்பார் பிரமாதமாகப் போயிற்று. பதினெட்டு இலையும் சுத்தம். முதல் சாம்பாருக்கு யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை அல்லவா, கரண்டி முழுக்கக் கவிழ்ந்து முழுக்க எழுந்தது. நான் வாசலைப் பார்த்தேன். பாய் ஒவ்வொரு இலைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது ரசம். முதல் இலையில் செம்பூர்க்காரர் ஒருவர், பாதிக் கரண்டி விழுந்ததும், நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிறபடி இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும் போதும்" என்றார்.

கிட்டு நிறுத்தினார். முப்பது வருஷப் பழக்கம், சட்டென்று நிறுத்தினார். ஆனால் கருவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கனம் குறைந்துவிட்டது, இலை முடிந்தது என்று அது எடுத்துக்கொண்டது. மிச்சம் பாதி ரசத்தோடு கை மேலே எழும்பியது. ரசம் கிட்டுவின் தோளைத் தாண்டிப் போய் மானேஜரின் மார்பில் இறங்கியது. ஒரு கறிவேப்பிலை காதில் நின்றது.

மானேஜர் கறிவேப்பிலையைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பேசாமலே இருந்திருந்தால்கூட எங்களுக்குப் புரிந்திருக்கும்.

"சட்டைன்னு சொன்னேன். என் சட்டைன்னு நெனைக்கலை. நாளைக்கு மெட்ராஸ் மெயில் இருக்கு, கிட்டு" என்றார்.

நான் வாசலுக்கு ஓடினேன். பாய் சுவரில் சாய்ந்து நின்றார். இந்த "போதும்" விஷயத்தை எப்படிக் கோட்டை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுப் பந்தியில யாரும் போதும்னு சொன்னதில்ல வே" என்றார். "சொன்னாலும் எம் பொஞ்சாதி கேக்க மாட்டா."

பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். கிட்டுவின் சட்டைக் கையைச் சுருட்டி, கருவியைப் பிடுங்க ஆரம்பித்தார். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. பம்பு விழுந்தது. ஸ்பிரிங்குகள் பந்திக்கு நடுவே உருண்டோடின. மணிக்கட்டுப் பட்டையின் முடிச்சு மட்டும் ரசத்தில் நனைந்து அவிழவில்லை. அது அப்படியே இருந்துவிட்டது.

இதற்குள் இலைகளில் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. மோர் எங்கே என்று நாலாபக்கமும் சத்தம். பரிமாறுகிற இன்னொரு ஆள், மீதி இலைகளுக்கு ரசத்தை ஊற்றி முடித்துவிட்டு, மானேஜரின் ஜிப்பாவைக் கழுவ உள்ளே போயிருந்தான். உட்கார்ந்துவிட்ட பந்தியைப் பாதியில் விட கிட்டுவால் முடியுமா? கடைசித் தடவையாவது முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே மோர் வாளியை எடுத்தார்.

மோர் ரசத்தைவிட நீர்த்தது. நான் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த மறுகோடியிலிருந்து தொடங்கினார், என் இலைதான் முதல். கரண்டி இலைக்கு மேலே வந்தது. ஆடவில்லை. மோர் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. கிட்டு கவனிக்கவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். நானும் முதலில் தற்செயல் என்று நினைத்தேன். ஆறாவது இலை தாண்டியதும் எழுந்து நின்று எண்ணினேன். பாய் கீழே உட்கார்ந்து ஸ்பிரிங் பொறுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே நிமிர்ந்து அந்த மணிக்கட்டைப் பார்த்தார். அவ்வளவு இயந்திரமும் போன பிறகு அங்கே மிச்சமிருந்தது ஒரு தோல் பட்டையும் ஈயக் கட்டியும்தான். அந்தக் கனம் கையைக் கீழே பிடித்து வைத்திருந்தது.

மானேஜரும் பார்த்துவிட்டார். பனியனோடு வந்து, பந்தியின் ஓரத்தில் புதிதாக ஓர் இலை போட்டு உட்கார்ந்தார். சாதம் போடச் சொன்னார். நடுவில் குழி செய்துகொண்டார். "ஊத்தும்" என்றார். கிட்டு ஊற்றினார். பாதியில் மானேஜர் கையைக் குறுக்கே நீட்டினார். கரண்டி நின்றது. பாதி மோர் கரண்டியில் அசையாமல் இருந்தது.

மானேஜர் மோர் சாதத்தைப் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "மெட்ராஸ் மெயில் கிடக்கட்டும். ராத்திரிப் பந்திக்குச் சேனைக்கிழங்கு நறுக்கணும், சீக்கிரம் வந்துடும்."

நாங்கள் பாயைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். அவரோ யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பட்டறையில் போய்ப் பிடித்தேன். மனிதர் துக்க வீட்டில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கிட்டு பிழைத்துவிட்டாரே, உங்கள் கருவி ஜெயித்துவிட்டதே என்றேன்.

"அதுல ஸ்பிரிங்கே இல்லையே வே" என்றார். "ஒரு கட்டி ஈயம். அதைப் போய் நான் கண்டுபுடிச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் எவ்வளவோ சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கிட்டுவே நேரில் போய், ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் பாய், இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றிவிடுவேன் என்று மிரட்டிக் கூட்டிவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து இலையில் பாய். தலையில் துவைத்த தொப்பி, கண்ணில் சுர்மா மை.

கிட்டு சாம்பார் கொண்டுவந்தார். கரண்டி பாதி கவிழ்ந்ததும் பாய், "போதும்" என்றார். கை நின்றது. பாய் மணிக்கட்டையே பார்த்தார். ரசம் வந்தது. பாதியில், "போதும்." கை நின்றது. கூட்டு, பாயசம், மோர் எல்லாவற்றுக்கும் பாதியில் கையை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை நின்றது, ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது. மறுபடி ஊற்றட்டுமா என்று கிட்டு கேட்டால், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று பாய் சாப்பிட்டதெல்லாம் சேர்த்தால் அரைச் சாப்பாடு தேறாது. என் இலையில் நான் தொடாமல் கடைசிக்கு வைத்திருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வடையை யாருக்கும் கொடுக்கிறவன் அல்ல.