பூவரசனை முப்பத்தொன்றுக்கு இறக்கித் தரும்படி

மண்டூர்,
வெசாக் போயா விடுமுறைக்கு முதல் நாள்.

என் மனைவியின் ஒரே தம்பியும், அந்த ஒரு காரணத்துக்காகவே மன்னிக்கப்பட வேண்டியவனுமாகிய மச்சான் அருமைநாயகத்துக்கு,

அத்தான் நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. கந்தன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே நலம். உன் அக்கா சின்னத்தங்கம் நலம். மகன் மதுஷன் பாசிக்குடா ஹோட்டலில் நலம். என் முழங்கால் நலமில்லை, ஆனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுவிஸில் நீயும் மனைவியும் மகளும் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி நான் கோபமாக இருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பிவிட்டு நீ வேலைக்குப் போய்விடுவாய். கடிதமென்றால் பிரித்து, கதிரையில் இருந்து, கடைசி வரை வாசிக்க வேண்டும். உனக்கு நான் தரும் முதல் தண்டனை அதுதான்.

என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பரிசைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன் நீ எதைக் கெடுத்தாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். முழங்கால் போய், வட்டை விதானை வேலையை விட்டு நான் வீட்டில் இருந்த முதல் கிழமையே உன் அக்காவின் சமையலில் குறை பிடிக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் அவள் மதுஷனைக் கூப்பிட்டு, "மனே, உங்கப்பாவுக்கு என்னத்தையாவது குடுத்து ஒரு இடத்தில இருத்து. இல்லாட்டி நான் மாமாட்ட சுவிசுக்குப் போறன்" என்றாள். அவன் தன் பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து உலாவுகிற அந்த விளையாட்டைப் போட்டுத் தந்தான். எனக்கென்று ஓர் ஆளை நானே உருவாக்க வேண்டும் என்றான். கட்டையான, அகலப் பாதமுள்ள மீசைக்காரன் ஒருவனை உருவாக்கி, புல்லுத் தொப்பி போட்டு, பூவரசன் என்று பெயர் வைத்தேன். ஒன்றாம் லெவலில், கையில் ஒரு தடியோடு, ஒரு சதுப்பு நிலத்தின் கரையில் அவனை இறக்கிவிட்டார்கள்.

மச்சான், அந்தச் சதுப்பை நீ பார்க்கவில்லை. நாணல், தண்ணீர், தண்ணீருக்கு மேலே பனிப்புகார். இங்கே விடிய ஐந்தரைக்குத்தான் இணையம் ஒழுங்காக வரும், ஆகவே அந்த நேரத்துக்கு நான் ஜன்னலடியில் போய் இருந்துவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாவி, அதற்கு மேலேயும் புகார். நீர்க்காகம் கத்தினால் அது இந்தப் பக்கத்து நீர்க்காகமா அந்தப் பக்கத்து நீர்க்காகமா என்று பிடிபடாது. ஒருநாள் விளையாட்டில் மழை இறங்க, நான் எழுந்து போய்க் கொடியில் கிடந்த உடுப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். காயாத உடுப்பை ஏன் எடுத்தீங்க என்று உன் அக்கா கேட்டாள். திரும்பக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன்.

மற்றவர்கள் அந்தச் சதுப்பை இரண்டு மணித்தியாலத்தில் கடந்து ஓடுகிறார்கள். நான் இரண்டு வருடம் இருந்தேன். இருபத்திரண்டு வருடம் வட்டை விதானையாக நின்று, மேல் வயல் கீழ் வயல் என்று முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்டவன் நான். தன் முறை வருமுன் வரம்பில் வக்கடை வெட்டித் தண்ணீர் எடுத்தவன் யாராக இருந்தாலும், உன் தகப்பனார் உட்பட, கூட்டத்தில் எழுப்பித் தண்டம் போட்டவன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு முந்திப் பாய்ந்து லெவல் ஏறத் தெரியாது. சதுப்பில் உள்ள எல்லோருடைய வேலையையும் ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தேன். பானைக்காரிக்குக் களிமண், தோணிக்காரனுக்குக் கயிறு, யாரோ ஒரு குமரிக்குத் தொலைந்த வாத்து. அப்படி ஏறியதுதான் முப்பத்தொன்று. அதில் ஒரு லெவல்கூட எனக்குத் தெரியாமல் வந்ததில்லை.

அங்கேதான் எழுவான்கரையாரைச் சந்தித்தேன். அவரும் எங்கோ ஒரு நாட்டில் திரைக்கு முன்னால் இருக்கிற ஒரு மனிதர்தான். எல்லோருக்கும் போல அவருக்கும் தலைக்கு மேலே பெயர் மிதக்கும், ஆனால் கட்டங்கட்டமான ஏதோ எழுத்தில். மதுஷனுக்கும் அது வாசிக்க வராது. சதுப்பின் கிழக்குக் கரையில், சூரியன் எழும்பும் பக்கத்தில் அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், நான் மேற்கே. எங்கள் வாவியின் கிழக்குப் பக்கத்தை நாங்கள் எழுவான்கரை என்றுதானே சொல்கிறோம், அந்தப் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டேன். ஆணா பெண்ணா, பதினைந்து வயதா எழுபதா, ஒன்றும் தெரியாது. அவருடைய ஆள் ஒல்லியாக, நெட்டையாக, நாரைக் காலோடு இருப்பான். எங்களுக்குள் கதைக்க மொழி இல்லை. கும்பிட, கையசைக்க, கீழே இருக்க, இந்த மூன்றுக்கும் பொத்தான் உண்டு. ஒருநாள் அவர் தண்ணீரைச் சுற்றி நடந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு விடியலும் வந்தார். பிடிபடும் மீனை விளையாட்டே பாதி பாதியாக எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கூட்டங்களில் கத்திக் கத்தியே தொண்டை கெட்டவன் நான். இன்னொருவரோடு ஒன்றும் கதைக்காமல் இருப்பதில் இவ்வளவு சுகம் உண்டென்று எனக்கு அறுபத்து மூன்று வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போதுதான் நீ வீடியோவில் வந்து, "ரெண்டு வருசமா முப்பத்தொண்டிலயா நிக்கிறீங்க அத்தான்? என்ர மகள் ஒரு கிழமையில அறுபதைத் தாண்டிட்டாள்" என்று இரக்கப்பட்டாய். உன் இரக்கம் பிறந்தநாளன்று விடிய வந்து சேர்ந்தது. பூவரசனுக்கு முன்னால் நாடா கட்டிய பொன் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் இங்கிலீசில் கடிதம். பிறந்தநாள் வாழ்த்து என்பதும் உன் பெயரும் விளங்கியது. கீழே மூன்று வரி பொடி எழுத்து, அதற்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி குசினியில். மச்சான் தந்த பரிசைக் கண்ணாடி போட்டு ஆராய்ந்த பிறகுதான் வாங்குவது என்றால் அது என்ன மரியாதை என்று நினைத்து, ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். அந்த மூன்று வரியிலும் இதை ஒருபோதும் திருப்ப முடியாது என்றுதான் எழுதியிருந்ததாக மதுஷன் மறுநாள் போனில் சொன்னான்.

ஒரு வெளிச்சம் அடித்தது, வெளிச்சம் அடங்கியபோது பூவரசன் அறுபதாம் லெவலில், பனி கொட்டுகிற ஒரு தலைநகரத்தின் நடுவில் நின்றான், புல்லுத் தொப்பி இல்லை, தூண்டில் இல்லை, உடம்பெல்லாம் பொற்கவசம், இரண்டு தோளிலும் கொம்பு, முன்பு திரைக்குக் கீழே நாலு பொத்தான் இருந்த இடத்தில் இப்போது நாற்பத்திரண்டு, ஒன்றை அழுத்தினால் வாயால் நெருப்புக் கக்குகிறான், பக்கத்தில் கடை போட்டிருந்தவன் முறைக்கிறான், அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இன்னொன்றை அழுத்தினால் சிறகு முளைத்த எருமை ஒன்று வந்து இவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது, ஏறத் தெரிந்ததே தவிர இறங்கத் தெரியவில்லை, அரை மணித்தியாலமாக அந்த ஊர்க் கோபுரத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன், உன் அக்கா தேத்தண்ணீரோடு வந்து பார்த்துவிட்டு, "சாமி வீதி சுத்தி முடிஞ்சா இறங்கி வந்து குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

எருமையை நம்பாமல் நடந்தே சதுப்புக்குத் திரும்பினேன். மூன்று விடியல் எடுத்தது. வழியில் அந்தப் பெரிய தேரை கிடந்தது. அதற்கும் எனக்கும் பதினாறாம் லெவலிலிருந்து பகை, பூவரசனைப் பதினொரு தரம் விழுங்கிய தேரை அது. வழமை போலப் பாய்ந்து வரட்டும் என்று நின்றேன். வரவில்லை, என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போனது. பழைய பழக்கத்தில் சும்மா ஒரு தட்டுத் தட்டினேன். செத்துப்போயிற்று. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஊரையே மிரட்டித் தண்டம் வாங்கின மனிசன், இப்ப தேரைக்கு அழுறார்" என்று உன் அக்கா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

எழுவான்கரையார் தன் வழமையான இடத்தில் இருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் என் பெயரைப் பார்த்திருப்பார், தோளில் கொம்பையும் பார்த்திருப்பார். எழும்பினார். கும்பிட்டார். தினமும் கும்பிடுகிற கும்பிடு இல்லை, இடுப்பை மடித்துக் கும்பிடுகிற கும்பிடு, பெரிய ஆட்கள் கிட்ட வந்தால் மட்டும் அதற்கென்று ஒரு தனிப் பொத்தான் முளைக்கும். பிறகு இரண்டடி பின்னால் போய் எனக்கு இடம் விட்டு நின்றார். நான் அவசர அவசரமாகப் பானைக்காரியிடம் ஒரு தூண்டில் வாங்கிப் போட்டேன், மீனும் விழுந்தது, ஆனால் லெவல் வித்தியாசம் கூடிப்போனதால் அவருக்குப் பங்கில்லை என்று சிவப்பு எழுத்து வந்தது. அவர் தன் தூண்டிலைச் சுருட்டினார். நாணலுக்குள் போய்விட்டார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இவன் காசு கட்டி எங்களை விட்டுப் போனவன், முறை வருமுன் வக்கடை வெட்டியவன் என்று நினைத்திருப்பார். அப்படி இல்லை என்று சொல்ல, நாற்பத்திரண்டு பொத்தானில் ஒன்றும் இல்லை.

மதுஷன் லீவில் வந்தபோது, "அதுக்கென்னப்பா, மறுகா புதுசா ஒண்டத் தொடங்குங்க. அதே மூஞ்சி, அதே தொப்பி" என்றான். தொடங்கினேன். பூவரசன் என்ற பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்று விளையாட்டு சொன்னது, அந்த ஒருவர் நான்தான் என்று அதற்கு எப்படி விளங்கப்படுத்துவது, வேறொரு பெயர் வைத்தேன். மீசை அதேதான், பாதம் அதேதான், ஆனால் இவன் பூவரசன் இல்லை. இவனைத் தேரை விழுங்கியதில்லை. இவனுக்குத் தோணிக்காரனைத் தெரியாது. இவனை எழுவான்கரையாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் இந்தப் புதியவனை மேலும் கீழும் பார்த்து, இரங்கி, கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போனார். ஒரே மனிதரிடம் ஒரே மாதத்தில் ராச மரியாதையும் பிச்சையும் வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மச்சான், நான் அறுபதும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் முப்பத்தொன்று.

அன்றிலிருந்து அவர் வரவில்லை. இன்றோடு ஒன்பது விடியல். நாணலடியில் அவர் இருக்கிற இடத்தில் வெறும் புகார்தான் கிடக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே வாவியையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன், அங்கே இருக்க மாட்டார் என்று தெரிந்தும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். உனக்கு இங்கிலீசும் தெரியும், ஜேர்மனும் தெரியும். எந்த மொழி அவர்களுக்குக் கூடச் சுடுமோ அந்த மொழியில் விளையாட்டுக் கம்பனிக்கு எழுது. என் அத்தானுக்கு நான் அறியாமையால் இந்த லெவல்களைக் கொடுத்துவிட்டேன், அவர் கேட்கவில்லை, அவரை முப்பத்தொன்றுக்கு இறக்கித் தாருங்கள், தொப்பியையும் கொடுத்துவிடுங்கள் என்று எழுது. தண்டம் கட்ட வேண்டுமென்றால் கட்டுகிறேன். இத்தனை வருடம் மற்றவர்களிடம் வாங்கியவன், ஒரு தரம் கட்டினால் குறைந்துபோக மாட்டேன். எனக்கு அந்த மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் மனைவிக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். மாமாவுக்கு உன்னோடு கோபமில்லை, உன் அப்பாவோடு மட்டும்தான் கோபம் என்று மகளிடம் சொல். மண்டூர்க் கந்தன் உன் வீட்டு வாசலில் காவல் நின்று, இனிமேல் பரிசு வாங்கப் போகும் உன் கையையும் பிடித்துக்கொள்ளட்டும்.

குறையாத அன்போடும், குறைக்க வேண்டிய லெவலோடும்,
அத்தான்
க. நல்லரத்தினம்
(முன்னாள் வட்டை விதானை)

பி.கு.: வெசாக்குக்குத் தபால் கந்தோர் பூட்டியிருந்ததால் இந்தக் கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் மேலே எழுதியதெல்லாம் பிழையாகிவிட்டது. முழுவதையும் திரும்ப எழுதப் பஞ்சியாக இருக்கிறது, அப்படியே அனுப்புகிறேன். கம்பனிக்கு ஒரு வரியும் எழுதாதே.

இன்று விடிய, சதுப்பில் யாருமில்லாததால் பூவரசனை நடந்தே திரும்பக் கொண்டுபோய்த் தலைநகரத்தில் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். பனிக்குள்ளிருந்து பொற்கவசமும் தோளில் கொம்புமாக ஒருவர் நடந்து வந்தார். காசுக்கு லெவல் வாங்குகிற எல்லோருக்கும் இதே உடுப்பைத்தான் கொடுக்கிறார்கள் போல. தலைக்கு மேலே கட்டங்கட்டமான எழுத்து. அறுபது. தன் காசைக் கட்டி ஏறி, அவ்வளவு பெரிய ஊரில் எத்தனை நாளாக என்னைத் தேடினாரோ தெரியாது. கிட்ட வந்தார், கும்பிடவில்லை, என் பக்கத்தில் பனியில் இருந்தார். நானும் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஓநாய் வந்தது. இருவரிடமும் சேர்த்து எண்பத்து நாலு பொத்தான், எது எதற்கென்று இருவருக்கும் தெரியாது. ஒரு நிமிடத்தில் எங்களை முடித்துவிட்டது. செத்தவர்கள் வெள்ளை ஆவியாக எழும்பி, நடந்து போய், அவரவர் உடம்பைக் கண்டுபிடித்து உள்ளே புக வேண்டும் என்பது அங்கே சட்டம். எல்லோரும் ஓடித்தான் போவார்கள். நாங்கள் நடந்தோம். ஒரு சத்தமும் இல்லை, பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது, அவரும் புகை, நானும் புகை. உடம்புகள் இரண்டும் வழியில் கிடந்தன. கண்டோம், கண்டும் நிற்காமல் அப்படியே நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

உன் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, செத்துப்போனீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "ரெண்டு பேரும்."