பாதிப் பண்ணைக்காரி

எனக்கு வயிறு எரிந்தது. புத்தம் புது டிராக்டர், பச்சைப் பசேல் என்று, எங்கள் வேலியை ஒட்டி உறுமிக்கொண்டு போனது. மேலே பக்கத்துப் பண்ணை கெர்ஹார்ட். கையை வேறு ஆட்டுகிறான், படுபாவி!

"எல்லாம் மானியப் பணம், லம்பெர்ட்! என் பங்குக்கு ஒரு மானியம், பொண்டாட்டி பங்குக்கு ஒரு மானியம். அவளையும் விவசாயின்னு எழுதிட்டேன்ல!"

அவள் விவசாயியாம்! சோளத்துக்கும் சோயாவுக்கும் வித்தியாசம் தெரியாதவள்! 'அரசாங்கக் காசு பிச்சைக் காசு' என்று தானியக் கிடங்கில் ஊர்க்காரர்கள் கூடிக் காப்பி குடிக்கும் மேசையைத் தினமும் குத்துகிறவன் நான். நெப்ராஸ்காவில் எல்லாரும் அப்படித்தான் குத்துவோம். குத்திவிட்டு, மானிய வரிசையில் போய் நிற்போம். அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எனக்கும் டிராக்டர் வேண்டும். அவனுடையதைவிட ஒரு சாண் உயரமாக!

வீட்டில் என் மனைவி டார்லீன் ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மானிய மனுவுல கையெழுத்துப் போடு. இன்னிலேருந்து நீ பாதிப் பண்ணைக்காரி."

"இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"சும்மா பேருக்குத்தான்டி!"

"அறுவடைக்கு லாரி ஓட்டுனது யாரு? பனியில கன்னுக்குட்டிய இழுத்துட்டு வந்தது யாரு? அதெல்லாமும் பேருக்குத்தானா?"

"ஆரம்பிச்சிட்டியா! பணம் வந்தா டிராக்டர் வரும்."

"கூரை?"

"டிராக்டர்!" என்று கத்தினேன்.

பேசாமல் கையெழுத்துப் போட்டாள். டார்லீன் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கோபத்தில் இருப்பவனுக்கு மூளை ஏது?

மாவட்ட வேளாண் அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஆள் வருகிறது என்றார்கள். சும்மா பேருக்குப் பங்காளி என்று தெரிந்தால் அவள் பங்கோடு என் பங்கும் போச்சு. முதல் நாளே டார்லீனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"எது கேட்டாலும் 'நான்தான் முடிவு பண்றேன்'னு சொல்லு. நான் தலையாட்டுவேன்."

"எதுக்கும் ஆட்டுவியா?"

"சத்தியமா ஆட்டுவேன்."

வந்தது வெர்னா என்ற அதிகாரி அம்மாள். டார்லீன் நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சே ரொட்டியை ரசித்துத் தின்றுகொண்டே கேட்டார்.

"என்ன பயிர் போடறதுன்னு யாரு முடிவு பண்றீங்க?"

"நான்தான்," என்றாள் டார்லீன். தலையாட்டினேன்.

"இந்த வருஷம் என்ன முடிவு?"

"ஓடையோரத்து வயலு வருஷா வருஷம் முங்குது. சொன்னா கேக்க ஆளில்ல. இனிமே அங்க சோளம் கெடையாது. புல்லு விடப்போறேன்."

என் சோளம்! எழுந்தே விட்டேன். அதிகாரி என்னையே பார்த்தார். உட்கார்ந்தேன். தலையாட்டினேன்.

"மெஷின் வாங்கறது?"

"அதுவும் நான்தான். டிராக்டர் வேணாம். பழசே நல்லா ஓடுது. மொதல்ல வீட்டுக் கூரை."

"சார், உங்களுக்கு இதுல சம்மதந்தானா?"

பல்லைக் கடித்த கடியில் காது வலித்தது. இல்லை என்றால் இவள் பொம்மைப் பங்காளி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆமாம் என்றால் டிராக்டர் போச்சு. கெர்ஹார்ட் தினமும் கையாட்டுவான், நான் தினமும் பார்க்க வேண்டும். அடப் போங்கடா! தலையாட்டினேன்.

அதிகாரி எழுந்தார். "நிர்வாகமெல்லாம் அம்மா பாத்துக்கறாங்க. அப்ப இந்தப் பண்ணையில நீங்க என்ன பண்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் டார்லீன் முந்திக்கொண்டாள். "இவனா? கூலி வேலைக்கு. கொஞ்சம் கத்துவான். ஆனா சொன்ன வேலையச் செஞ்சிருவான்."

கார் வாசலைத் தாண்டியதும் இருபத்தாறு வருஷக் கோபத்தையும் சேர்த்துக் கத்த மூச்சை இழுத்தேன்.

"கத்துறதெல்லாம் அப்புறம். மழை வர்றதுக்குள்ள ஏணிய எடுத்துட்டு வா," என்றாள் முதலாளியம்மா.

எடுத்துக்கொண்டு வந்தேன்.