வயர் மாட்டாத ரிமோட்

"நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்வதற்கு முன்னால் சிலரிடம் ஒரு சின்னப் பழக்கத்தைப் பார்க்கலாம். கண் ஒரு நொடி வேறெங்கோ போய்வரும். மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பூட்டிய அலமாரிப் பக்கம். எதையோ சரிபார்க்கிற பார்வை. சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு உங்கள் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்து, முடிவை உங்கள் கையில் கொடுப்பார்கள்.

என் அண்ணனிடம் இந்தப் பார்வையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். டிவிக்குப் பின்னால் போகிறது. வயர் கழன்றேதான் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறது.

இந்த இனத்துக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: வயர் மாட்டாத ரிமோட் கொடுப்பவர்கள். நாட்டில் இவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணப் போனால், "எண்ணலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்று நம்மையே கேட்டுவிட்டு அவர்களே எண்ணி முடித்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இந்த இனம் எப்படி முளைத்தது என்று சொல்கிறேன். நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அப்பா டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். கூடவே ஒரு கேசட், இரண்டு ரிமோட். ஜாய்ஸ்டிக் என்று கடைக்காரர் சொன்னாராம். எங்களுக்கு அது ரிமோட்தான். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை ஏழு. அதிலும் மூன்று ஒரே ஆட்டம், ஓடுகிறவனின் சட்டை நிறம் மட்டும் வேறு. படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாயருகே வைத்து ஊதி, மறுபடி சொருக வேண்டும். ஊதுகிற உரிமை அண்ணனுக்கு மட்டும். என் மூச்சில் ஈரம் அதிகம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பையனை "அவர்" என்கிறாளே என்று நினைப்பீர்கள். மரியாதை எங்கள் வீட்டில் அப்போதே தொடங்கிவிட்டது.

அண்ணனுக்குப் பிடித்த ஆட்டத்தில் கையில் விளக்கோடு ஒரு குட்டி ஆள் குகைக்குள் ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் தாவுவான், பாறை உருண்டால் குனிவான். தலைக்கு மேல் ஒரு பருந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டிருக்கும்.

"அண்ணா, நான் யாரு?"

அவர் கண் டிவிக்குப் பின்னால் போய்வந்தது. இரண்டாவது ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீதான் பருந்து. நல்லா பறக்கணும், என்ன?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டைவிரல் சிவக்கச் சிவக்க அமுக்கினேன். இடது பக்கம் அமுக்கினால் பருந்து இடது பக்கம் போயிற்று. சில சமயம் வலது பக்கமும் போயிற்று; அது என் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலைச் சொறிந்தேன். பருந்து பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. பரவாயில்லையே, பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

எப்போதாவது அந்தப் பருந்து கீழே இறங்கி விளக்குக்காரனைக் கொத்திவிடும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

"ஏன்டி என்னைக் கொன்னே? கடைசிக் கதவு வரைக்கும் வந்துட்டேன்டி!"

"தெரியாம கொத்திட்டேண்ணா."

மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. ஒருநாள் உருண்டு போன பென்சிலைத் தேடி டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். பென்சிலுக்குப் பக்கத்தில் என் ரிமோட்டின் வயர் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்து மறுபடி அமுக்கத் தொடங்கினேன்.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்டால் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் ரிமோட் இருந்தால்தான் டிவி முன்னால் உட்காரலாம். அந்த இசையைக் கேட்கலாம், குகையைப் பார்க்கலாம். இன்றைக்கும் தையல் மெஷினை மிதிக்கும்போது என் கால் அந்த விளக்குக்காரன் ஓடும் தாளத்தில்தான் மிதிக்கிறது. வயர் மாட்டாத ரிமோட்டை வாங்கிக்கொள்கிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேருக்குத் தெரியும். அறையை விட்டு வெளியே போக மனமில்லாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இனத்தின் முழு சாமர்த்தியமும் அந்தப் பருந்தில் இருக்கிறது. ஆட்டம் அவர்களுடையது. தோற்றால் மட்டும் அது உங்களுடையது.

எங்கள் வீட்டின் முன்னறையில் நான் துணி ஆல்டரேஷன் செய்கிறேன். தெருப் பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மெஷின். நான் அதிகம் பேசமாட்டேன். வாய் நிறையக் குண்டூசி இருந்தால் யாரும் பேசச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் நிறையப் பார்க்கக் கிடைக்கிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு வரும் ஒருவர், "கை நீளமா இருக்கட்டுமா குட்டையா இருக்கட்டுமா, உன் இஷ்டம்" என்பார்; நேற்றே என்னிடம் வந்து நீளம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணொருத்தி, லீவு எப்போது வேண்டும் என்று அவளுடைய மேலாளர் எல்லாரையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்ட கதையைச் சொன்னாள். கருத்துச் சொல்லி முடித்துக் கைதட்டிவிட்டு வெளியே வந்தால், லீவு தேதி சுவரில் ஒட்டியிருக்கிறது. பசைகூடக் காய்ந்துவிட்டதாம்.

ஆனாலும் கத்துக்குட்டிகள் இவர்கள். என் அண்ணன் பக்கத்தில் நிற்க முடியாது.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்த வருடம், அண்ணன் வண்ண அட்டையை விரித்து வைத்து, அம்மா, அண்ணி, நான், பள்ளிக்கூடம் போகிற அவருடைய மகள் வரை எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் "ஓ, அப்படியா" என்று தலையாட்டி, கடைசியில் மகள் தொட்ட மஞ்சளே நல்ல மஞ்சள் என்று முடிவானபோது, மஞ்சள் டப்பாக்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவள் விரலை அந்தப் பக்கம் தள்ளியது யார் என்று நான் பார்த்தேன். மழைக்காலத்தில் அந்த மஞ்சள் திட்டுத் திட்டாக உரிந்தது. வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னார்: "என்ன பண்றது, புள்ள ஆசைப்பட்டுட்டா."

பருந்து.

என்னிடமும் ஒருதரம் கேட்டார். அப்பா இறந்த வருடம். "மேல படிக்கிறியா, தையல் கத்துக்கிறியா? யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலம்மா, உன் விருப்பம்தான்." அவர் கண் போன பக்கம் நானும் பார்த்தேன். அடுத்த அறையில் புது மெஷின், பிரிக்காத அட்டைப் பெட்டியில் நின்றிருந்தது. தையல் என்றேன். ஏன் படிப்பை விட்டாள் என்று இன்றைக்கு யார் கேட்டாலும் அண்ணன் வருத்தத்தோடுதான் பதில் சொல்வார்: "நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். அவதான் தையல்னு ஒத்தக்கால்ல நின்னா."

இப்போது சென்ற மாதத்துக்கு வருகிறேன். அண்ணன் கார் வாங்கப் போகிறார் என்று வீட்டில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். அம்மா மடியில் கிண்ணத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வந்து உட்கார்ந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான்மா யோசிச்சேன்," என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. "முன்னறையில தெருத் தூசி. உனக்கு நிம்மதியா ஒரு இடம் வேணும். மாடி ரூமா, இல்ல பின்பக்கத்து ஷெட்டா? ரெண்டும் ஃப்ரீதான். நீயே முடிவு பண்ணு."

மாடிக்கு என்னிடம் வருகிற வயதான பெண்கள் ஏறமாட்டார்கள். ஷெட் தண்ணீர்த் தொட்டியை ஒட்டியது. வைத்த துணி பூசணம் பிடிக்கும், ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் கிடையாது. இரண்டிலும் என் கதவு இல்லை. நான் எங்கும் போகிறவள் இல்லை; அந்தக் கதவு வழியாகத்தான் மனிதர்கள் என்னிடம் வருகிறார்கள். அது போனால் பிழைப்பும் போகும், பேச்சுத்துணையும் போகும். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குண்டூசி இல்லாமலேயே பேச்சு வரவில்லை.

அப்போது அண்ணன் கண் மாடிப்படிக்கு அடியில் போய்வந்தது.

நானும் பார்த்தேன். சாக்குப் போர்த்தி மூன்று சிமென்ட் மூட்டை. அவற்றின் மேல் ஒரு சம்மட்டி.

"அண்ணா," என்றேன். "இது மாட்டியிருக்கா?"

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. காது இரண்டும் சிவந்தன. முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் எதைக் கேட்கிறேன் என்று புரிய அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"எது மாட்டியிருக்கா?" என்றாள் அண்ணி.

அம்மா பட்டாணியை உரித்தபடியே சிரித்தார்கள். "சின்ன வயசுல டிவியில வெளையாடுவாங்கல்ல, இவளுக்கு ஒரு ரிமோட்டக் குடுத்து உக்காத்தி வெச்சிருப்பான். வயரே மாட்டியிருக்காது. அதுவும் பாவம், அமுக்கு அமுக்குன்னு அமுக்கும்."

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"டிவிக்குப் பின்னாடி தொடைக்கிறது யாரு? ரெண்டும் சண்டை போடாம இருக்குதேன்னு விட்டுட்டேன்."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "கல்யாணம் ஆன புதுசுல மலைக்குப் போலாமா கடலுக்குப் போலாமான்னு என்னைக் கேட்டீங்களே... டிக்கெட்ட முன்னாடியே எடுத்துட்டீங்களா?"

"இப்ப அதுவா முக்கியம்? குடும்பத்துல நாலு பேரு கருத்தக் கேக்கறது ஒரு தப்பா?"

"அந்தப் படகு ஆடினதுல நான் வாந்தியா எடுத்தேன். 'நீதானே கடல்னு சொன்னே'ன்னு திட்டினீங்க."

வாசலிலிருந்து கொத்தனார் தலையை நீட்டினார். "சார், முன்னறைச் சுவத்த வெளிப்பக்கமா உடைக்கணுமா, உள்பக்கமா? ஷட்டர் வண்டி வந்துடுச்சு."

அம்மா பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

"இன்னிக்கு ஒண்ணும் உடைக்க வேணாம்ப்பா. டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார்கள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, குரல் கொஞ்சமும் உயராமல்: "வீடு இன்னும் என் பேர்லதான் இருக்கு. என் ரிமோட்டுல வயர் மாட்டியிருக்கு, பாத்துட்டேன். இவ முன்னறையிலதான் இருப்பா. உனக்குத்தான் யோசனை. கார மாடியில ஏத்துறியா, ஷெட்டுல வெக்கிறியா? யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல ராஜா. நீயே முடிவு பண்ணு."

ஷெட்டுக்குப் போகிற சந்தில் சைக்கிளே உரசிக்கொண்டுதான் போகும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் அண்ணனை, கணவரை, மேலாளரை நினைத்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்றுச் சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம், "குளிச்சிட்டுப் படிக்கிறியா, படிச்சிட்டுக் குளிக்கிறியா, உன் இஷ்டம் கண்ணு" என்று கேட்டது யார்? வயதான அப்பாவிடம், எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டபோது ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்ததா இல்லையா? கேட்பதற்கு முன்னால் உங்கள் கண் எங்கே போய்வந்தது? உங்களுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும்.

கார் வந்துவிட்டது. வெயிலில் காய்கிறதே என்று பாவமாக இருந்தது; அதற்கு ஒரு உறை தைத்துத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "நீலமா, சாம்பலாண்ணா? நீங்களே முடிவு பண்ணுங்க." அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெடுநேரம் யோசித்தார். காரைச் சுற்றி வந்தார். நீலம் என்றார்.

மெஷின் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. கார் தெருவில் நிற்கிறது. அதன் உறை சாம்பல் நிறம்.