சங்கீதா மிதித்த பிரேக்

தேர்வாளர் உத்தரவே போடவில்லை. அதுதான் சங்கீதாவுக்கு முதல் சிக்கல்.

ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற வெள்ளைக் கார்களில் ஒன்றில், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி அவள் தேர்வுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். தலையில் பையைப் பிடித்தபடி ஓடி வந்து பக்கத்து இருக்கையில் ஏறியவர், மழைத் துளியைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக முன்னால் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் வெங்கடேஷ் என்ற பெயர் மட்டும் கண்ணில் பட்டது. தமிழர் என்றதும் அவளுக்குத் தெம்பு வந்தது.

"குட் மார்னிங் சார். ஆரம்பிக்கலாமா?"

"உங்க இஷ்டம் மேடம்."

உத்தரவு போட வேண்டியவர் இஷ்டம் என்கிறார். ஆழம் பார்க்கிறார் என்று சங்கீதா முடிவு கட்டினாள். பார்க்கட்டும்.

தேக்காவில் அவள் நடத்தும் சமையல் கடையிலிருந்துதான் கிழக்கே பிடோக் வரைக்கும் கல்யாணச் சாப்பாடு போகிறது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். இந்தத் தடவை லைசென்ஸ் வாங்காவிட்டால், ஒப்புக்கொண்ட விருந்துகளுக்கு அண்டாக்களை எம்.ஆர்.டி. ரயிலில்தான் ஏற்ற வேண்டும்.

போன தேர்வில் அவளைக் கவிழ்த்தது திடீர் பிரேக். ஓங்கி மிதித்ததும் பெடல் காலடியில் தடதடவென்று உதறியது. காரை உடைத்துவிட்டோம் என்று பதறிக் காலை எடுத்துவிட்டாள். கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அது கோளாறு இல்லை, ஏ.பி.எஸ். என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வெங்காயம் நறுக்கும்போதுகூட அதைப் பற்றிய வீடியோதான் ஓடியது.

இன்று காட்டிவிட வேண்டியதுதான்.

நேர்ப்பாதையில் வேகம் எடுத்தாள். "சார், இப்ப பிரேக் அடிக்கப் போறேன்" என்று சொல்லி முடிக்கும்முன் மிதித்துவிட்டாள். பெடல் தடதடத்தது. காலை எடுக்கவில்லை. கார் நேராக நின்றது.

வெங்கடேஷின் கைப்பேசி மட்டும் நிற்கவில்லை. பறந்து போய்க் கண்ணாடியில் மோதி அவர் காலடியில் விழுந்தது.

"அலாமாக்! சாரி சார்!"

"என்ன மேடம் அது, கீழ தடதடன்னு?" அவர் முகம் வெளுத்திருந்தது.

கேள்வி கேட்கிறார்! சங்கீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுதான் சார் ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார் இருக்கு. ஈர ரோட்டுல ஓங்கி மிதிச்சா சக்கரம் சுத்தாம நின்னுடும், கார் மட்டும் வழுக்கிட்டுப் போகும். அப்படி நிக்கப் போறது தெரிஞ்சதுமே கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்தோட பிரேக்கைக் கொஞ்சம் விடும், மறுபடி பிடிக்கும். கண் சிமிட்டுற நேரத்துல பல தடவை. பால் பொங்கி வந்தா அடுப்பைக் குறைச்சு, அடங்கினா கூட்டுறோம்ல? அந்த மாதிரி."

"நாமளும் விட்டு விட்டு மிதிக்கணுமா?"

மடக்குகிறார்! "கூடவே கூடாது சார். அந்த வேலையை அது பார்த்துக்கும். நாம மிதிச்ச காலை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கிறதால ஸ்டியரிங் நம்ம பேச்சைக் கேக்கும். பிரேக் அடிச்சுக்கிட்டே திருப்பலாம்."

"அப்படியா!" வெங்கடேஷின் கண்கள் விரிந்தன. "அதையும் காட்டுங்க மேடம்."

இப்படி ஒரு கேள்வி தேர்வில் வரும் என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் பின்வாங்கும் பழக்கம் சங்கீதாவுக்குக் கிடையாது. மறுபடி வேகம் எடுத்தாள், மிதித்தாள், திருப்பினாள். ஸ்டியரிங் பேச்சைக் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டது. கார் ஆரஞ்சுக் கூம்பை அழகாகச் சுற்றிக்கொண்டு போய் நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது.

விளிம்பில் ஏறினால் அந்த இடத்திலேயே ஃபெயில். சங்கீதாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் வாய் தானாகப் பேசியது.

"பாத்தீங்களா சார்? இப்படி ஏறவே கூடாது."

"சரி மேடம்" என்றார் அவர் பணிவாக.

குத்திக்காட்டுகிறாரா? சமாளிக்கலாம் என்று அவசரமாகப் பின்னால் எடுத்தாள். கூம்பு டமாரென்று சாய்ந்தது.

"இதுவும் கூடாது சார். கண்ணாடியைப் பார்க்காம ரிவர்ஸ் எடுத்தா இதுதான் கதி."

"மறக்க மாட்டேன் மேடம்."

மனுஷர் மறக்கவும் மாட்டாராம்! முடிந்தது கதை என்று நினைத்தாள். இருந்தாலும் விடக் கூடாது. குரலைத் தெளிவாக்கிக்கொண்டு கேட்டாள்: "வெளியே மெயின் ரோட்டுக்கும் போயிடலாமா சார்?"

"ஐயோ!" வெங்கடேஷ் இருக்கைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு இது போதும் மேடம். ரொம்பத் தெளிவாப் புரிஞ்சிருச்சு. இவ்வளவு பொறுமையா யாரும் சொன்னதில்ல."

சங்கீதாவுக்கு முகம் மலர்ந்தது. மனுஷர் நேர்மையானவர். கை தவறியதைப் பார்க்காமல் அறிவைப் பார்த்திருக்கிறார்.

காரைக் கட்டத்துக்குள் நிறுத்திவிட்டு இறங்கியதும் கணவர் ரத்னவேலை அழைத்தாள்.

"என்னங்க, பாஸ்லா! கேசரி கிண்டச் சொல்லுங்க!"

"தேர்வாளரே சொல்லிட்டாரா?"

"வாயால சொல்லணுமா? என் விளக்கத்தைக் கேட்டு அசந்து போயிட்டாரு. தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதுதான் பாக்கி. இருங்க, கவுண்டருக்குத்தான் போறாரு."

நனைந்த சேலையை உதறிக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவரின் பின்னால் போய் நின்றாள். வெங்கடேஷ் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் குனிந்து, மரியாதையாக அவளைக் கை காட்டிச் சொன்னார்:

"சிஸ்டர், என்னோட முதல் கிளாஸ் முடிஞ்சுது, அடுத்த கிளாசுக்கும் இந்த டீச்சரையே போட்டுக் குடுங்க."