மெழுகுவத்தி கனத்தில் ஒரு சுருட்டை

இயேசு மரி சூசை துணை

சிவாஜிநகர், பெங்களூர்

பாசமுள்ள யூனிஸ் அக்காவுக்குத் தம்பி ஓஸ்வால்ட் வாயால் சொல்லி, மாடியில் குடியிருக்கும் நிருபமா டீச்சர் கையால் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் கேரலும் சுகம். தங்கவயலில் நீங்களும், மகன் டிரேவரும், கல்யாணப் பெண்ணாகிய உங்கள் பேத்தியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

சூரியகிரகணத்துக்குப் பயந்து பெங்களூரே பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததே, பொழுது சாயும் முன்னே நம் கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்துவிட்டனவே, அந்த வருசம் ஈஸ்டர் கழிந்துதான் எங்கள் கல்யாணம். நீங்கள் பெண் வீட்டில் குமுட்டி அடுப்பு பற்றவைத்து, இரும்பு இடுக்கியைச் சுடவைத்து, பழைய பேப்பரில் வைத்துப் பார்த்து, பேப்பர் சிவந்தால் "ஆறட்டும்" என்று ஊதி ஊதி, கேரல் முடியைச் சுருட்டினீர்கள். புகை மெதுவாக எழும்பி ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தலையைச் சுற்றி நின்றது. மாப்பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாதென்று அதே இடுக்கியைக் காட்டி என்னை விரட்டினீர்கள். ஆனாலும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு சுருளும் கோயில் மெழுகுவத்தி கனம்.

விசயத்துக்கு வர்றேன் அக்கா. பேத்தி கல்யாணத்துக்கு எங்களால வர முடியாது, மன்னிக்கணும். ஆஸ்பத்திரி மருந்துல கொட்டின கேரல் முடி திரும்ப முளைச்சிருக்கு. ரெண்டு விரல் நீளம், ஒரு சுருள் கிடையாது, துடைப்பம் மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. தலையில துணியக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கா, பூசைக்குக்கூட வர்றதில்ல. இந்தத் தலையோட நாலு பேர் முன்னாடி நிக்கமாட்டேன், நீங்க மட்டும் போங்கங்கறா. அவள விட்டுட்டு நான் எங்க வர்றது? அதனால சுருட்டை போடுற மெசின் ஒண்ணு வாங்கிடலாம்னு, பெட்டியில இருக்கற நம்பர் எனக்குப் புரியாதே, அளவுக்குக் கோயில் மெழுகுவத்தி ஒண்ண இடுப்புல செருகிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஒண்ணு நேராக்கறதுங்கறார், ஒண்ணு சுருட்டறதுங்கறார், ஒண்ணு காத்து ஊதற பிரஷ்ஷுங்கறார். நான் ஒவ்வொண்ணு பக்கத்துலயும் மெழுகுவத்திய வச்சுப் பார்த்து, ஒத்துப்போனத எடுத்தேன். அம்மாவுக்கு முடி எவ்வளவு நீளம்னு கேட்டார், ரெண்டு விரலைக் காமிச்சேன். இது பேடா, வேணாம் தாத்தா, ஒரு சுத்துகூட வராது, பென்சில் கனத்துல எடுத்துக்கோங்கன்னார். எங்க அக்கா கோழி றெக்கையக்கூட சுருட்டுவாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கை பழகணுமேன்னு முதல்ல தேங்காய்க் குடுமியில போட்டுப் பார்த்தேன், அருமையா வந்துச்சு. சட்னிக்கு உடைக்க எடுத்த கேரல், இந்தத் தேங்காய்க்கு எந்த ஊர்ல கல்யாணம்னு கேட்டா. அவ கிண்டல் பண்ணி எவ்வளவு காலம் ஆச்சு. அந்தத் தைரியத்துல என் மீசையில இறங்கினேன், அது இப்போ அவ முடியவிட நீளமாச்சே. தேங்காயெண்ணெய் தடவி, உங்க முறைப்படி பேப்பர்ல வச்சேன். சிவக்கல. சூடு பத்தலன்னு திருகினேன், சிவக்கல, இன்னும் திருகினேன். நான் பேப்பர்ல வச்சது கை பிடிக்கறதுக்காகச் சூடு ஏறாம விட்டிருக்கற நுனியாம், டீச்சர் அப்புறம் சொன்னாங்க. இடது பக்க மீசை சுருண்டுச்சு, அழகாத்தான் சுருண்டுச்சு, சுருண்டு மெசினோடயே வந்துடுச்சு. புகை எழும்பி ஜன்னல் வெளிச்சத்துல அப்படியே நின்னுச்சு. அக்கா, அதே வாசம். கண்ண மூடிக்கிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க ஊதற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

ஆகையால் அந்தத் தலையோடு அவளும், இந்த முகத்தோடு நானும் வருவதாயில்லை. மணமக்கள் சோறும் சிரிப்பும் குறையாமல் வாழ இங்கிருந்தே சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தம்பி ஓஸ்வால்ட் (கைநாட்டு)

பின்குறிப்பு: டீச்சர் கவரை ஒட்டப் போனப்போ, மிச்ச மீசையையும் எடுத்துடலாம்னு கத்திரிக்கோலத் தூக்கினேன். கேரல் வந்து பிடுங்கிக்கிட்டா. ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தா. அப்புறம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, "இந்த மீசை பக்கத்துல நிக்கறப்போ என் தலைய யாருங்க பாக்கப்போறா?"ன்னா.

மேல சொன்னது எதையும் மனசுல வச்சுக்காதீங்க, சனிக்கிழமை ரயில்ல வர்றோம். அவ துணி கட்டமாட்டா, நான் மீசைய எடுக்கமாட்டேன், அதான் பேச்சு. போட்டோ எடுக்கறப்போ எங்க நடுவுல வந்து நில்லுங்க. எங்க கல்யாணப் போட்டோவுல நின்னவங்கள்ல அப்பா இல்ல, அம்மா இல்ல, குடை பிடிச்ச சித்தப்பா இல்ல, தாலி மந்திரிச்ச சாமியாரும் இல்ல. எங்க ரெண்டு பேர விட்டா மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான், யூனிஸ் அக்கா.